பாதநீர்

மிருதுளாவின் உள்ளங்காலை மண் கடித்தது.

விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் நடப்பது அவள் வழக்கம். அன்று இறங்கிய வேகத்திலேயே அலறிக்கொண்டு பின்வாங்கிக் கல்பாதையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா சென்னியப்பன் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தார். மகளின் காலைத் தூக்கிப் பார்த்தார். கொதிநீர் பட்டதுபோல் தோல் வெளுத்து, ஓரங்களில் சுருண்டிருந்தது.

"எறும்பா இருக்கும் கண்ணு."

"எறும்பு கடிச்சா அது எதுக்குப்பா செவப்பா எரியுது?"

புல்தரையின் விளிம்பில் பதித்திருந்த மண்காட்டியைக் கைகாட்டினாள். சின்னக் கண்ணாடிக் குமிழ். மண்ணின் மனநிலையை வெளியே சொல்ல அது ஒன்றுதான் வழி. மிதிப்பவர் வீட்டு ஆளென்று மண் எடுத்துக்கொண்டால் பச்சை. விருந்தாளி என்றால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் சிவப்பு.

சென்னியப்பன் வீட்டு மண்காட்டி மூன்று வருடமாக மஞ்சளாகத்தான் எரிந்தது. அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கூடவே வந்த விளக்கக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. மஞ்சள் மங்கலமான நிறம் என்று சந்தோஷப்பட்டார்கள். பொங்கலுக்கு அதற்குப் பொட்டுக்கூட வைத்தார்கள்.

அவர் தன் செருப்பைக் கழற்றிப் பெருவிரலை மட்டும் புல்லில் வைத்தார். சுண்ணாம்பு கூடிய வெற்றிலையை மென்றது போலச் சுரீர் என்றது. விரலை எடுத்துக்கொண்டார். குமிழ் அவரையும் சிவப்பாகப் பார்த்தது.

அடுத்த வளர்பிறையில் மிருதுளாவுக்கு அதே புல்தரையில் கல்யாணம்.

*

அந்தப் பக்கத்து நிலத்தைச் சாயப்பட்டறைகள் இரண்டு தலைமுறைக்கு முன்பே கொன்றுவிட்டன. உப்பு. கிணற்றுத் தண்ணீரில் துணி நனைத்தால் காய்ந்ததும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். கருவேலம்கூடக் கைவிட்ட நிலம். ஊரில் பணம் இருந்தது, பனியன் ஏற்றுமதி இருந்தது, ஒரு புல் இல்லை. பணக்காரர்கள் வாசலில் பச்சை பிளாஸ்டிக் விரித்து, அதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உறைமண் வந்தது.

வேலை ஒன்றும் சுலபமில்லை. இரண்டடி ஆழத்துக்கு நிலத்தைக் கிளற வேண்டும். ஜிப்சம் போட்டு மழைநீர் விட்டு உப்பைக் கீழே தள்ள வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் நேரத்தில் அப்படியே மடக்கி உழ வேண்டும். மட்கிய சாணமும் இலைதழையும் கலந்து ஆறப் போட வேண்டும். இவ்வளவும் செய்த நிலத்தின் நடுவில் ஒரு கைப்பிடி உறைமண்ணைப் புதைத்து ஈரச்சாக்கால் மூட வேண்டும். பாலில் தயிர் ஊற்றியது போல அது பரவும். கண்ணுக்குத் தெரியாத பூசண நூல்கள், அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாக உப்பைத் தின்னும், சாயத்தைத் தின்னும். இரண்டு மாதத்தில் மண் கறுத்து, பொலபொலவென்று, முதல்மழை வாசத்தோடு கையில் உதிரும்.

தெரியாத எதையும் அது தின்றது என்பதுதான் சிக்கல். முதலில் வந்த ரகம் வேலிக்கம்புகளைத் தின்றது. வெயிலுக்குப் படுத்திருந்த ஒரு நாயை அடிவயிற்றிலிருந்து தின்றது. அதனால் அடுத்த ரகத்துக்கு ஞாபகம் கொடுத்தார்கள். வெறுங்காலோடு நடப்பவரின் வியர்வையை மண் கற்றுக்கொள்ளும். முதலில் கற்ற குடும்பம் அதற்கு வீட்டார். அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து வருபவர் விருந்தாளி. மற்றதெல்லாம் எரு.

இதிலிருந்து ஒரு மரியாதை பிறந்தது. வீட்டுக்காரர் காலையில் ஒரு செம்புத் தண்ணீரில் காலை நனைத்து வாசலில் வைத்துவிடுவார். வருகிறவர்கள் அதைத் தங்கள் காலில் ஊற்றிக்கொண்டு புல்லில் இறங்குவார்கள். பாதநீர் என்று பெயர். கல்யாணங்களில் பெண்ணின் தகப்பன் தன் பாதநீரை மாப்பிள்ளை வீட்டார் காலில் ஊற்றினார். நாங்கள் வேறு நீங்கள் வேறு இல்லை என்பதை மண்ணே சாட்சியாக நின்று சொல்வதாக எல்லாரும் நெகிழ்ந்தார்கள்.

உறைமண்ணைக் கம்பெனியில் வாங்கலாம். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி கேட்டும் வாங்கலாம். அப்படி வாங்கினால், மண் இளசாக இருக்கும்போதே மறதிநீர் என்ற கரைசலை ஊற்றிப் பழைய வீட்டாரை மறக்கச் செய்ய வேண்டும். மறதிநீர் ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனாலும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் சென்னியப்பன் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"தயிருக்குப் பக்கத்தூட்ல ஒற வாங்கறோம். அந்தூட்டு மாடு வந்து நம்மூட்டு வாசல்லயா நிக்குது?"

சிரித்தார்கள். மறதிநீர் யாரும் வாங்கவில்லை. குடியிருப்பு முழுக்க ஒரே வீட்டிலிருந்து உறை வாங்கியது.

*

அந்த வீடு மாசிலாமணியுடையது. உறைமண் கம்பெனியில் மண்வேதியியல் பிரிவில் இருந்தார். கம்பெனி தன் ஆட்களில் ஒருவருக்கு ஒதுக்கிய வீடு என்பதால்தான் அந்தக் குடியிருப்புக்குள் வர முடிந்தது. மற்றபடி அவர் நம்ம ஆள் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் வீட்டுக் காப்பியை யாரும் குடித்ததில்லை, அவ்வளவுதான். "இப்பத்தானுங்க குடிச்சிட்டு வந்தேன்" என்பார்கள். உறை வாங்கப் போனபோதும் வாசலுக்கு வெளியே நின்று தட்டை நீட்டினார்கள். அவர் மனைவி பவுன்ராணி முற்றத்துத் தாய்ப்பாத்தியிலிருந்து அள்ளிப் போட்டாள். மண்ணுக்குத் தீட்டு இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவுசெய்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரி நிச்சயம் பேச வந்த அன்று, புல்தரையைப் பார்த்து அசந்துபோனார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள்காடு வைத்திருந்த பரம்பரை. காடு இப்போது உப்பளம். செருப்பைக் கழற்றிவிட்டு செக்குமாடு போலப் புல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். சம்பந்தத்துக்கு அந்த இடத்திலேயே சம்மதம் சொன்னார். போகும்போது எதிர்வீட்டு முற்றத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த பவுன்ராணியைப் பார்த்து, யார் என்று கேட்டார். சென்னியப்பன் சொன்னார். வெள்ளியங்கிரி குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்துல பந்தில வந்து உக்காருவாங்களாக்கும்?"

"எல்லா ஊட்டுக்கும் பத்திரிகை வெக்கோணுமுங்க. அது சங்கத்து வழக்கம்."

"அதுக்குள்ள எதாச்சும் பாருங்க சம்பந்தி. எங்க பக்கம் பெரியவங்கெல்லாம் வாராங்க."

பார்த்தார்கள். மாசிலாமணி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருவது நின்றது. குப்பை எடுக்கும் பறவி, அதாவது தானாகப் பறந்துவரும் கூடை, அவர் வாசலை மட்டும் தாண்டிப் போனது. அவர் மகளைப் பள்ளி வண்டியில் ஏற்ற மற்றப் பெற்றோர்கள் சம்மதிக்கவில்லை. அவளுக்குத் தலையில் ஏதோ தொற்று என்றார்கள். மாசிலாமணி மனுக் கொடுத்தார். மனுவை வாங்கி வைத்தார்கள். கடைசியில் ஒருநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, பழைய பட்டறைக் குளத்திலிருந்து ஒரு லாரி சாயக்கழிவு வந்தது. தாய்ப்பாத்தியில் கொட்டிவிட்டுப் போனது.

மாசிலாமணி வந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்து, நீலமும் கறுப்புமாகக் குழைந்து கிடந்ததை விரலில் எடுத்து முகர்ந்தார். நேற்றுவரை அந்த இடத்தில் மகள் உட்கார்ந்து படிப்பாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சென்னியப்பனைப் பார்த்துக் கேட்டார்.

"இதக் கொட்டச் சொன்னது நீங்களாங்க?"

"கொழாய் எங்கியாச்சும் ஒடஞ்சிருக்கும் மாசிலாமணி. பாக்கச் சொல்றன்."

மாசிலாமணி தலையாட்டினார். கையைக் கழுவத் தண்ணீர் இல்லாததால் சட்டையில் துடைத்துக்கொண்டார். வாரம் முடிவதற்குள் காலி செய்துவிட்டார். அன்று சாயங்காலம் சங்க அலுவலகத்தில் வந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மண் கடித்தது.

*

மகளின் காலில் மருந்து போட்டுவிட்டுச் சென்னியப்பன் கம்பெனியைக் கூப்பிட்டார். பேசிய பெண்ணின் குரல் இளமையாகவும் அவசரமாகவும் இருந்தது.

"மூலவாசம் யாரோடது சார்?"

"மூலவாசம்னா?"

"மண்ணு மொதல்ல பழகுனது யார்கிட்ட? உங்க லைட்டு எப்பவுமே மஞ்சளாத்தான் எரிஞ்சுதா?"

"ஆமாங்."

"மூணு வருஷமாவா? உங்க வீட்ல நீங்க கெஸ்ட்டாத்தான் சார் இருந்திருக்கீங்க."

அவர் கோபப்படப் பார்த்தார். அவள் தொடர்ந்து பேசினாள். மறதிநீர் இளமண்ணில்தான் வேலை செய்யும். முற்றிய மண்ணில் செய்யாது. இனி இரண்டே வழி. மண்ணை எரித்துக் கொன்றுவிட்டு, உப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம். ஒரு வருடம் ஆகும். இல்லையென்றால் மூலவாசக்காரரிடமே பாதநீர் வாங்கித் தெளிக்கலாம். ஒரு தெளிப்பு ஒரு வாரம் தாங்கும்.

"அதச் செயற்கையாப் பண்ண முடியாதா அம்முணி?"

"முடியாது சார். வியர்வை தினமும் கொஞ்சம் மாறும், மண்ணும் அதோட மாறிட்டே வரும். நேத்துத் தண்ணி இன்னைக்குச் செல்லாது. திருட்டைத் தடுக்கத்தான் அப்படிப் பண்ணியிருக்கோம். அந்த ஆள் உயிரோட இருக்கார்ல?"

"இருக்கறாரு."

"அப்பப் பிரச்சினையில்ல" என்று அவள் வைத்துவிட்டாள்.

*

ஊத்துக்குளி சாலையில் ஒரு வரிசை லைன்வீடுகளின் கடைசி அறையில் மாசிலாமணி இருந்தார். மனைவியையும் மகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார். இரும்புக்கதவு. வெளித்தாழ்ப்பாளில் ஒரு பூட்டு சாவியோடு தொங்கியது. வாசலில் ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் கறுப்பு மண். அதில் ஒரு மண்காட்டி பச்சையாக எரிந்தது.

"மாசிலாமணி, நடந்தது நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காத."

"எதைங்க?"

"எல்லாத்தையுந்தான்."

"எல்லாத்தையும் வெச்சுக்க எடமில்லீங்க. ஒத்த ரூமு."

சென்னியப்பன் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். மகளின் காலைச் சொன்னார். கல்யாணத்தைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை மாசிலாமணி நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாத்தி உயிரோட இருந்த வரைக்கும், மண்ணுக்கடியில நூலு நூலா ஓடி எங்க வாசத்த அத்தன ஊட்டுக்கும் கொண்டுபோச்சுங்க. உங்களையெல்லாம் விருந்தாளி, ஒறம்பரைன்னு சொல்லி வெச்சிருந்தது அதுதான். அதை நீங்களே கொன்னுட்டீங்க. ஊட்டுக்காரனே இல்லாத ஊட்ல ஒறம்பரை ஏதுங்க?"

"உனக்கு இது முன்னமே தெரியுமா?"

"கழிவு கொட்டுன அன்னிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாமல்லோ?"

"கொழாய் ஒடஞ்சுதுன்னு சொன்னீங்க. சரி, கொழாயை மாத்துனா எல்லாஞ் சரியாப் போயிரும்னு இருந்துட்டேன்."

சென்னியப்பன் சட்டைப்பையில் கைவைத்தார். மாசிலாமணி நகவெட்டியை ஆட்டி வேண்டாமென்றார்.

"காசு வேண்டாமுங்க. தண்ணி தாரேன். ரெண்டே காரியம். கால நீங்களே உங்க கையால கழுவி எடுத்துக்கோணும். ஆளு அனுப்பக்கூடாது. அப்பறம், இங்க ஒரு காப்பி குடிச்சிட்டுப் போகோணும்."

"இப்பத்தான் குடிச்சிட்டு…"

"தெரியுமுங்க."

அறைக்குள் ஒரே நாற்காலி. அதில் மாசிலாமணி உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டார். சென்னியப்பன் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். அவர் தொந்தி தொடையில் இடித்தது. செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி ஒரு காலைக் கழுவினார். குதிகாலில் வெடிப்பு இருந்தது. வெடிப்புக்குள் இன்னும் நீலச்சாயம் இருந்தது.

"வெரலுக்கு நடுவுல தேய்ங்க. அங்கதான் வாசம் அதிகம்" என்றார் மாசிலாமணி. அப்புறம் அடுத்த காலை நீட்டினார்.

காப்பி நன்றாகவே இருந்தது. சென்னியப்பன் குடித்து முடித்துத் தெருமுனை வரை நிதானமாக நடந்தார். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். செம்பு மட்டும் கொஞ்சமும் சிந்தவில்லை.

*

கல்யாணத்தன்று புல் பனியோடு நின்றது. காலையிலேயே குடியிருப்பின் எல்லாப் புல்தரைகளிலும் பாதநீர் தெளித்தாகிவிட்டது; அது யாருடையது என்பதைக் குடியிருப்பைத் தாண்டி வெளியே விடுவதில்லை என்று சங்கத்தில் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வாசலில் பித்தளை அண்டா; பன்னீர், ரோஜா இதழ்கள், அவற்றுக்கடியில் விடியலில் கொண்டுவந்த தண்ணீர். சென்னியப்பன் சொம்பில் மொண்டு முதலில் மாப்பிள்ளை காலில் ஊற்றினார். மாப்பிள்ளை புல்லில் இறங்கினான்.

குமிழ் பச்சையாக எரிந்தது.

தன் வீட்டு மண்காட்டி பச்சையாக எரிவதைச் சென்னியப்பன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"பாருங்க, பாருங்க" என்று வெள்ளியங்கிரி கூவினார். "சம்பந்தி ஊட்டு மண்ணு நம்மள ஒறம்பரைன்னு சொல்லுல. ஊட்டாளுன்னே சொல்லிருச்சு!" குனிந்து அண்டாவில் கைவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார்.

"அட, கால் கழுவுன தண்ணியப் போயி…"

"அதனால என்னங்க?" என்றார் வெள்ளியங்கிரி. மீசையில் தண்ணீர் சொட்டியது. "நம்ம ஆளு காலுதான!"

மற்றவர்களும் தெளித்துக்கொண்டார்கள். ஒரு அத்தை கைக்குழந்தையின் நாக்கில் ஒரு துளி வைத்தாள். சென்னியப்பன் இரண்டு கைகளாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே நின்றார். கடைசியில் மிருதுளா வந்தாள். உள்ளங்காலில் புதுத்தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. அவர் அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். அவள் பயந்து பயந்து கால்வைத்தாள். மண் கடிக்கவில்லை.

தாம்பூலத்தோடு கொடுக்க அவர் பல மாதத்துக்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஊரெல்லாம் அதைச் சொல்லியும் வைத்திருந்தார். தேங்காய்க்குப் பதில், ஆளுக்கு ஒரு சின்ன மண்குடுவையில் அந்தப் புல்தரையின் உறைமண். முந்நூறுக்கும் மேல் குடுவைகள். குடுவையைக் கொடுக்கும்போதெல்லாம் மறதிநீர் ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார்.

"சொந்தக்காரன் மண்ணுக்கு எதுக்குங்க மறதி?" என்றார் வெள்ளியங்கிரி. எல்லாரும் சிரித்தார்கள். சங்கக் கூட்டத்தில் அன்று சென்னியப்பன் கிளப்பிவிட்ட பழைய சிரிப்பு அது. திரும்பி வந்திருந்தது.

*

மண் பரவியது. வெள்ளியங்கிரி தன் உப்பளத்தில் ஜிப்சம் கொட்டி, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, குடுவையைப் புதைத்தார். ஒரே போகத்தில் மஞ்சள் இடுப்பளவு நின்றது. பெருந்துறையில் தென்னை துளிர்விட்டது. காங்கேயத்தில் ஒருவர் புல் வளர்த்து மாடு விட்டார். கல்யாணத்துக்கு வந்த வீடு ஒவ்வொன்றும் பச்சையாயிற்று. ஒவ்வொன்றும் கொஞ்ச நாளில் கடித்தது. ஒவ்வொருவரும் சென்னியப்பனைக் கூப்பிட்டார்கள்.

"மூலவாசம் உங்களுதுதானுங்க மாமா. கொஞ்சம் பாதநீர் அனுப்பிவிடுங்க."

அனுப்பினார். பறவிகள் விடியலில் கிளம்பிக் குப்பிகளோடு நாலாபக்கமும் போயின. உறவில் இப்படி ஒரு மதிப்பு அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தைக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவர் தினமும் இருட்டு பிரியும் நேரத்தில் ஊத்துக்குளி சாலைக்குப் போனார். செம்பு குடமாயிற்று, குடம் டிரம்மாயிற்று. தினம் சில வீடுகளாக, வாரத்துக்குள் முந்நூறு வீட்டுக்கும் மாசிலாமணியின் இரண்டே கால்கள். நெடுநேரம் ஊறவைக்க வேண்டியிருந்தது. தோல் வெளுத்து உரிந்தது. சென்னியப்பனுக்கு அந்தக் கால்களின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. வெடிப்பு ஆழமானால் கவலைப்பட்டார். தேங்காய் எண்ணெய் தடவினால் வாசம் கெட்டுவிடும் என்பதால் விளக்கெண்ணெய் வாங்கிவந்து, அதுவும் கெடுக்கும் என்று மாசிலாமணி சொன்னதும் திருப்பி எடுத்துப்போனார்.

"வெளிய சுத்தாதீங்க. முள்ளுகிள்ளு குத்திரும்" என்றார் ஒருநாள். எப்போதிலிருந்து 'ங்க' போட ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது.

காப்பி குடித்து இப்போதெல்லாம் வாந்தி வருவதில்லை. ஒருநாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கப் போனவர், வாசலிலிருந்த தகர டப்பாவின் மண்ணில் தவறிக் கையை ஊன்றிவிட்டார். குமிழ் மஞ்சளாக எரிந்தது.

"மண்ணு சொல்லுது, ஒறம்பரைன்னு" என்றார் மாசிலாமணி. "நான் சொல்லுல."

*

மஞ்சள் அறுவடைக்கு முன்பு ஒரு விடியலில் சென்னியப்பன் போனபோது அறையில் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"வளைகுடாவுல ஒரு பண்ணைக்கு மாத்திட்டாங்க. பவுனும் புள்ளையும் முன்னாலயே போயிட்டாங்க. நானு மத்தியானம் கெளம்பறனுங்க."

சென்னியப்பன் மண்டியிட்டபடியே இருந்தார். தண்ணீருக்குள் அவர் கை நின்றுவிட்டது.

"நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"சேச்சே."

"காப்பி குடிக்கறனே. தெனமும் வாரேன். ஒருநாள் தவறுனதில்ல."

"தவறலைங்க. எத்தன நாள் வருவீங்கன்னு பாக்கத்தான் இருந்தேன். நீங்க வந்துட்டேதான் இருப்பீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்பறம் சலிச்சுப் போச்சுங்க."

மாசிலாமணியின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம்.

"முந்நூறு ஊடு. காடு, தோப்பு, மாடு கன்னு. ஒரு வாரத்துல அத்தனையும் கடிக்குமுங்க."

"எரிக்கச் சொல்லுங்க. எரிச்சாச் செத்துரும். பழையபடி உப்பு."

"ஏன் எரிக்கோணும்னு கேட்டா?"

"உண்மையச் சொல்லுங்க. யாரு காலுன்னு."

"அந்தச் சம்பந்திக்காரன் அதைத் தலையில தெளிச்சுக்கிட்டான்! என்ற புள்ள அந்தூட்லதான் இருக்கா. முழுகாம இருக்கா. இது தெரிஞ்சா அவளை என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றார் மாசிலாமணி. "எங்கூட்டுப் பாத்திய என்ன பண்ணுனீங்கன்னு பாத்தவன்தான நானு."

காலை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டார். எழுந்து சட்டை மாட்டச் சுவர்ப்பக்கம் திரும்பினார். "காப்பி போடட்டுங்களா? கடைசிக் காப்பி."

சென்னியப்பன் டிரம்மை வெளியே இழுத்துவந்து வைத்தார். பறவி தெருவில் காத்துக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரியின் மஞ்சள்காடு நினைவுக்கு வந்தது. அதன் வரப்பில் தினமும் காலையில் வெறுங்காலோடு நடப்பதாக மிருதுளா போனில் சொல்லியிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்கு நல்லதாம்.

திரும்பிப் பார்த்தார். உள்ளே அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. மாசிலாமணி முதுகைக் காட்டி நின்றார்.

இரும்புக்கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். வெளித்தாழ்ப்பாளைப் போட்டார். அதில் தொங்கிய பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குடியிருப்பு வாசலுக்குள் இருக்கக்கூடாது என்று ஊரைக் கூட்டித் துரத்திய மனுசனை இப்போது இந்த வாசலுக்கு வெளியே விட அவரால் முடியவில்லை.

உள்ளே பால் பொங்கி அடுப்பு அணைந்தது. காலடிச் சத்தம் கதவருகே வந்தது.

"என்னுங்க இது? தொறங்க."

"சாப்பாடு வேளாவேளைக்கு அனுப்பிவிடறனுங்க. நல்ல அரிசி. கட்டில் ஒண்ணும் சொல்லிவிடறனுங்க."

"சென்னியப்பா!" மாசிலாமணி அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. கதவு ஒருமுறை அதிர்ந்தது. இரண்டாவது அடி இன்னும் பலமாக விழுந்தது. காலால் உதைக்கிறார் என்று சென்னியப்பனுக்குப் புரிந்தது. அவர் பதறிப்போய்க் கதவோடு ஒட்டி நின்று, உள்ளே கேட்கும்படி, குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒதைக்காதீங்க சாமி. கால்ல பட்டுரும்."

பறவி டிரம்மைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. டப்பாவிலிருந்த குமிழ் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் தன் வீட்டுக்கென்று மொண்டு வைத்திருந்த சின்னச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு துளியும் சிந்தாமல், தெருமுனையை நோக்கி நடந்தார்.